பாதாளத்துக்குப் போன சாம்பல்

8 ஜூன் 1980, ஞாயிறு

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காத உண்மையாக இருந்தாலும் எழுதுவேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாயிற்று, இனிமேல் இதற்கெல்லாம் வயது போதும்.

விஞ்ஞானி முதலில் செய்வது பார்ப்பது, அடுத்துச் செய்வது எழுதுவது என்று மனோரமா டீச்சர் சொன்னார். மூன்றாவது என்ன டீச்சர் என்று கேட்டேன். "பெரியவங்க சொல்லிட்டாங்கன்றதுக்காக நம்பாம இருக்கிறது" என்றார். வீட்டில் இரண்டை மட்டும் சொன்னேன்.

இன்று பார்த்தது: எதிர்வீட்டு எல்லம்மாள் பல் விளக்காமலே சண்டைக்கு வந்தாள். எங்கள் ரைஸ் மில்லின் பின்னால் உமிச் சாம்பல் ஆள் உயரத்துக்குக் குவிந்து எப்போதும் புகைந்துகொண்டே இருக்கும். காற்றடித்தால் அவள் வீட்டுத் துணியிலும் மோரிலும் போய் உட்காரும். "இன்னா ராஜமாணிக்கம், உசுரோட இருக்கும்போதே என்னை எரிச்சுச் சாம்பல் போடறியா?" என்று கேட்டாள். நைனா வழக்கம்போல, காற்று தன் பேச்சைக் கேட்பதில்லை என்றார்.

11 ஜூன், புதன்

அம்சா அக்காவும் அவள் கணவர் பாவாவும் நாலு நாள் லீவில் திங்கட்கிழமை வந்தார்கள், நாளைக்குக் கிளம்புகிறார்கள். வேணு பாவாவுக்குச் சித்தூர் தாண்டி ஒரு ஈயச் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் வேலை. என்ன வேலை என்று இத்தனை நாளாக எனக்குச் சரியாகத் தெரியாது. இன்று சாப்பிடும்போது கேட்டேன்.

பாவா தட்டிலிருந்த களியைக் காட்டி விளக்கினார். நடுவில் ஒரு கவளம் எடுத்தார். இதுதான் தாது. எடுத்த இடத்தில் குழி. அடுத்த கவளத்தை அதற்குப் பக்கத்தில் எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் சரிகிறது, குழம்பு எல்லாப் பக்கமும் ஓடுகிறது. அதனால் முதல் குழியில் மணலும் சிமெண்டும் தண்ணீரும் கலந்து ஊற்றி, கல் மாதிரி இறுகவிட்டு, அப்புறம்தான் பக்கத்தில் கை வைப்பார்களாம். குழியில் ரசம் சாதத்தை வைத்து அழுத்திக் காட்டினார்.

"பக்கத்துச் சுவர வெட்டும்போது நாம ரொப்பினது தானா நிக்கணும். நிக்கலன்னு வெச்சிக்க, கீழ இருக்கிறவன் கத அவ்ளோதான்."

கீழே யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

"நாங்கதான்" என்று சொல்லிவிட்டு அந்தக் குழி, சுவர், ரசம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார். அம்மா, சோற்றை வைத்து விளையாடுகிற வயதா என்று அக்காவைத் திட்டினாள். பாவாவைத் திட்ட முடியாது, மாப்பிள்ளை.

12 ஜூன், வியாழன்

இன்னும் ஒரு விஷயம். சுரங்கத்துக்குச் சிமெண்ட் கிடைப்பதில்லையாம். நம் ஊரில் குளியலறை கட்டவே தாலுகா ஆபீஸில் பர்மிட்டுக்கு நடக்கிறார்கள், அங்கே பூமியையே அடைக்க வேண்டும். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து வேறு எதையாவது சேர்க்கலாமா என்று அவர்கள் ஆபீசர் தேடுகிறார். செங்கல் தூள், உலைக் கசடு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்று பார்த்துக்கொண்டே வந்தவர், உமிச் சாம்பலும் உதவும் என்று எதிலோ படித்திருக்கிறார்.

பாவா ஒரு பால் பவுடர் டப்பாவில் எங்கள் சாம்பலை நிரப்பிக்கொண்டார். பிரயாணம் போகிறவர் கையில் சாம்பலை வாசல் வழியாகக் கொடுப்பதா என்று அம்மா ஒரே பிடிவாதம். கடைசியில் பாவா வெறுங்கையோடு வாசல் வழியாகப் போனார். டப்பா மில் சுவரைத் தாண்டித் தெருவில் அவர் கைக்குப் போனது. சகுனத்தை ஏமாற்றிவிட்டோம்.

2 ஜூலை, புதன்

கடிதம் வந்துவிட்டது! டப்பாச் சாம்பல் நன்றாக இறுகியதாம். ஒரு லாரி நிறைய, டப்பாவில் அனுப்பிய அதே சாம்பலை அனுப்பினால், சுரங்கத்தில் தாது எடுத்த ஒரு அறை முழுக்க நிரப்பிப் பார்ப்பார்களாம். திருப்தியாக இருந்தால் மாதா மாதம் லாரி.

நைனா வாய்விட்டு மூன்று தரம் படித்தார். மூன்று தரமும் "அதே" என்ற சொல்லைத் தாண்டிப் போனார். நான் கவனித்தேன். சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ?

6 ஜூலை, ஞாயிறு

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பாலசுப்பிரமணியன் ஐயா தலைமையில் கமிட்டி ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் எங்கள் மில்லில் நெல் மூட்டைகளின் மேல் நடந்தது. நான்தான் காபி கொடுத்தேன், அதனால் எல்லாம் கேட்டேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் பெயர் வைப்பது பற்றி. சாம்பல் என்ற சொல் மங்களகரமாக இல்லை என்று ஐயா சொன்னார். முடிவில், "திருத்தணி உமிப்பொடி ஏற்றுமதி அபிவிருத்திக் கமிட்டி". ஆந்திராவுக்குப் போவது ஏற்றுமதி ஆகுமா என்று நைனா கேட்டார். நகரி தாண்டினால் பாஷை மாறுகிறதா இல்லையா என்று ஐயா திருப்பிக் கேட்டார்.

அடுத்தது பதவி. ஐந்து பேர், நாலு பதவிதான் தோன்றியது. ஐந்தாவது ஆள், மலையடிவாரத்தில் விபூதிக் கடை வைத்திருக்கும் பரந்தாமன், எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அவரைத் தர மேற்பார்வையாளர் ஆக்கி உட்கார வைத்தார்கள்.

சாம்பலைப் பற்றி யாரும் பேசவில்லை.

9 ஜூலை, புதன்

எல்லம்மாள் தன் மாடியைக் கூட்டி ஒரு தவலை நிறையச் சாம்பல் கொண்டுவந்தாள். "என் வூட்டு மேல வந்து உக்காந்தது என்னுது. லாரில ஏத்துங்க, கணக்கு தனியா வெச்சிக்கினு எனக்குக் குடுங்க." பத்து வருஷமாக, இது உங்க சாம்பல் என்று எங்களோடு சண்டை போட்டவள். நைனா தவலையை வாங்கிக்கொண்டு மறுபடியும் காற்றைப் பற்றிப் பேசினார். இந்தத் தடவை நல்லவிதமாக.

13 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். இன்று சாம்பலைப் பார்த்தார்கள். பார்த்ததும் எல்லார் முகமும் சுருங்கிவிட்டது.

எங்கள் சாம்பல் வெள்ளை இல்லை. எருமைத் தோல் மாதிரி, அங்கங்கே கறுப்பு. பரந்தாமன் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், நாக்கில்கூட வைத்தார். வேகாத சாம்பல் என்றார். விபூதிக்குச் சாண உருண்டையை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை எரிப்பார்களாம். கறுப்பு இருந்தால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தமாம், கடையில் தொட மாட்டார்களாம்.

பாலசுப்பிரமணியன் ஐயா எழுந்து நின்றே பேசினார். "மலை மேல சாமி இருக்கிற ஊரு இது. இங்கேர்ந்து சாம்பல் போவுதுன்னா பாக்கிறவன் நெத்தியில வெச்சிக்கணும்னு நெனைக்கணும். இந்தக் கருமத்தையா அனுப்புறது?"

எல்லாரும் ஆங், ஆங் என்றார்கள். ஆகவே தீர்மானம்: குவியல் முழுவதையும் செங்கல் சூளையில் போட்டு, துருத்தி வைத்து ஊதி, வெள்ளையாகும்வரை மறுபடி எரிப்பது. வேட்டித் துணியில் சலிப்பது.

நான் காபித் தம்ளர்களை எடுக்கும்போது, பாவா கேட்டது அதே சாம்பல் என்று மெதுவாகச் சொன்னேன். அதே சாம்பல்தாம்மா, குளிப்பாட்டி அனுப்புறோம் என்றார் ஐயா. சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

16 ஜூலை, புதன்

இன்று சோதனை ஆரம்பம். மனோரமா டீச்சரிடம் கேட்டேன். சிமெண்ட் இல்லாவிட்டால் நீர்த்த சுண்ணாம்பு போதும், சாம்பலுக்குப் பிடிமானம் இருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும் என்றார். அச்சுக்கு எங்கே போவது? பழைய இட்லித் தட்டு பரணில் இருந்தது.

மூன்று இட்லி பழைய கறுப்புச் சாம்பலில். மூன்று இட்லி, சூளையிலிருந்து முதலில் வந்த வெள்ளைச் சாம்பலில். இரண்டையும் அம்மியில் மாவாக அரைத்தேன். ஒரே சுண்ணாம்பு, ஒரே தண்ணீர், ஒரே கை. காயாமல் இருக்க மேலே ஈரச் சாக்கு. அம்மா பார்த்துவிட்டு, அந்தத் தட்டு இனிமேல் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

24 ஜூலை, வியாழன்

சூளை இராப்பகலாக எரிகிறது. சாம்பலைச் சாம்பலாக்க மூன்று வண்டி விறகு போயிருக்கிறது. விறகுச் சாம்பலை என்ன செய்வது என்று தனியாக ஒரு குவியல் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு கமிட்டி வருமா?

ஆனால் வெள்ளைச் சாம்பல் அழகாக இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும். மல்லிகைப் பூ மாதிரி.

2 ஆகஸ்ட், சனி

லாரி போயிற்று. நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை, ஊர் முழுக்கக் காவடியும் மொட்டைத் தலையும். லாரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. முன்னால் மாலை, இரண்டு பக்கமும் துணியில் எழுத்து: "திருத்தணியின் புகழ் பாதாளம் வரை". வெளியூர்க்காரர்கள் கோயில் லாரி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா ஓடி வந்து, மூட்டையிலிருந்து சிந்தியதைக் குழந்தையின் நெற்றியில் பூசினாள். பரந்தாமன் அழுதுவிட்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு தரமான சாம்பலைப் பார்த்ததில்லையாம்.

நைனாவுக்குத் துண்டு போர்த்தினார்கள். அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் இட்லிகள் இன்னும் சாக்குக்கு அடியில் இருந்தன.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சாக்கை எடுத்தேன்.

கறுப்பு இட்லி மூன்றும் ஒட்டிக்கொண்டு தட்டை விட்டு வர மறுத்தன. தட்டிப் பெயர்த்தேன். ஒன்றைத் தண்ணீர் வாளியில் போட்டேன். கிணுக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது, அப்படியே இருக்கிறது. ஒன்றின் மேல் ஏறி நின்றேன். நின்றேன்!

வெள்ளை இட்லியை எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்தது. தண்ணீரில் போட்டேன். முதலில் குமிழி, அப்புறம் விரிசல், அப்புறம் இட்லி இல்லை. பால் மாதிரி தண்ணீர்தான் இருந்தது.

நான்தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்து அடுத்ததைப் போட்டேன். அதுவும்.

ஓடிப் போய் நைனாவிடம் காட்டினேன். கறுப்பை எடுத்துப் பார்த்தார், தரையில் தட்டிப் பார்த்தார். பால் தண்ணீரைப் பார்க்கவில்லை. வெள்ளையைச் சரியாகக் கலக்கியிருக்க மாட்டாய், உனக்கு எதிலும் அவசரம் என்றார். இரண்டையும் ஒரே கைதான் கலக்கியது, நைனா என்றேன். "இதப் போயி வெளிய சொல்லிகினு இருக்காத." இது மட்டும் கோபமாக இல்லை. கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது.

11 ஆகஸ்ட், திங்கள்

அக்காவுக்கு எழுதலாமா? நைனா வெளியே சொல்லாதே என்றார். அக்கா வெளியா?

22 ஆகஸ்ட், வெள்ளி

அக்கா எழுதியிருக்கிறாள். சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாள்.

திருத்தணிச் சாம்பல் ஊற்றப்போகும் அறைக்குப் பக்கத்துச் சுவரை வெட்டுவதற்கு, எல்லாரையும் விட்டுப் பாவாவின் ஆட்களையே போட்டிருக்கிறார்களாம். மாமனார் வீட்டுச் சாம்பல் ஆயிற்றே, மரியாதை மாப்பிள்ளைக்குத்தான் என்று மேஸ்திரி சொன்னாராம். பாவா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறாராம். வரும் வாரம் ஊற்ற ஆரம்பிக்கிறார்கள்.

ஊற்றிவிட்டால் திருப்பி எடுக்க முடியாதே. உள்ளே போய் யார் எடுப்பது?

கூடத்தில் அம்மாவும் நைனாவும் இருக்கும்போதே கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு, மிச்சமிருந்த கடைசி வெள்ளை இட்லியையும் ஒரு கறுப்பையும் கொண்டுவந்து ஒரே குண்டானில் போட்டேன். தண்ணீர் வெள்ளையாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா இதுவரை இந்தச் சாம்பல் விஷயத்தில் வாயே திறந்ததில்லை. இட்லித் தட்டைத் தவிர.

"வேணு இதுக்குப் பக்கத்துலயா நிப்பான்?" என்றாள்.

நைனா எழுந்து மில்லுக்குப் போய்விட்டார்.

23 ஆகஸ்ட், சனி

நைனா இல்லை. முதல் பஸ்ஸில் சித்தூர் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். தந்தி அடித்திருக்கலாமே என்றேன். அடிக்கத்தான் கிளம்பினாராம். எங்கள் சாம்பல் மட்டம் என்று தந்தியில் எழுதிக் கொடுத்தால், தந்தி ஆபீஸில் இருக்கும் பாலசுப்பிரமணியன் ஐயாவின் மச்சான் அது சுரங்கத்துக்குப் போய்ச் சேரும் முன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதனால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நேரில் போயிருக்கிறார். துண்டைக்கூட மறந்துவிட்டார். லாரி போன அன்று போர்த்திய துண்டு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்றாவது கூட்டம். நைனா எங்கே என்று கேட்டார்கள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, மக ஊருக்கு என்றாள். பொய் இல்லை. ஊற்றுகிற விழாவுக்குத்தான் போயிருக்கிறார் என்று ஐயா தானாகவே முடிவு செய்து, தன்னை அழைக்காததற்கு வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்.

25 ஆகஸ்ட், திங்கள்

ஒன்றும் தெரியவில்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று நினைவில்லை. நான் அந்தப் பதினோராம் தேதியே எழுதியிருந்தால் — எழுதியிருக்கணும். இன்னாத்துக்குப் பயந்தேன்? வெளிய சொல்லாதன்னாரு, சரின்னு உக்காந்துகினேன். பாவா அந்தக் களியப் பிசைஞ்சது கண்ணுலயே நிக்குது.

26 ஆகஸ்ட், செவ்வாய்

வரவில்லை.

27 ஆகஸ்ட், புதன்

வந்துவிட்டார். சாயங்காலம், முகமெல்லாம் புழுதி. பாவா நன்றாக இருக்கிறார். அக்காவும். முதலில் இதை எழுதிவிட்டேன்.

நைனா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் பக்கம் புரட்டும்போதெல்லாம் நிறுத்தினார்.

அவர் போன நேரம் ஷிப்டு மாறுகிற நேரம். கேட்டில் நூறு பேர். ஆபீசர் அங்கேயே நின்றிருந்தார், பாவாவும் விளக்குத் தொப்பியோடு வரிசையில். தனியாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துப் போனவர், பாவாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்து அத்தனை பேர் நடுவிலும் கத்தியிருக்கிறார். "சார், என் சாம்பல் மட்டம் சார். உள்ள ஊத்தாதீங்க. நிக்காது."

ஆபீசர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்து, மோர் கொடுத்தாராம். பிறகு சொன்னாராம்: எதையும் சோதிக்காமல் நாங்கள் ஊற்றுவதில்லை. உங்கள் லாரி வந்த அன்றே மாதிரி எடுத்துக் கட்டி பிடித்துத் தண்ணீரில் போட்டோம், ஒரு வாரத்தில் எல்லாம் கரைந்துவிட்டது. உங்களுக்குக் கடிதம் எழுதத்தான் இருந்தோம். அடங்கி எரிந்த உமிச் சாம்பலுக்குத்தான் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. கொதிக்கக் கொதிக்க எரித்தால் அது வெறும் மணல். வெள்ளையாக்கச் சொன்னது யார்?

அக்கா எழுதியதும் பாவா பெருமைப்பட்டதும்? சோதனை முடிவு மேஸ்திரிவரை இறங்கி வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் நைனா போனது வீண். போகாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அம்மா இதைத்தான் கேட்டாள். நைனா மோரைக் குடித்து முடித்துவிட்டு, ஆமாம் என்றார்.

லாரிச் சாம்பல் என்னவாயிற்று என்று நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன். சுரங்கத்து ஆட்கள் கால்பந்து விளையாடும் மைதானத்தில் கோடு போட எடுத்துக்கொண்டார்களாம். நல்ல வெள்ளையாம். நைனா நின்று பார்த்திருக்கிறார். கோல் எங்கே, கோடு எங்கே என்று ரொம்பத் தெளிவாகத் தெரிந்ததாம்.

அக்கா உடனே விடவில்லையாம், இரண்டு மூன்று நாள் இருக்க வைத்தாளாம். பாவா பஸ் ஏற்றிவிட வந்தார். மாமனார் கையிலிருந்த பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தாராம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நைனா கமிட்டியில் உண்மையைச் சொன்னார். மட்டம் என்றும், கரைந்துவிட்டது என்றும், கோடு என்றும், எதையும் விடாமல். நான் காபித் தட்டோடு கதவருகே நின்றிருந்தேன்.

பரந்தாமன், வெள்ளைச் சாம்பல் கரைகிறது என்றால் தண்ணீரில்தான் கோளாறு, ஆந்திரத் தண்ணீர் என்றார். பாலசுப்பிரமணியன் ஐயா நீண்ட நேரம் யோசித்துவிட்டு மினிட்ஸில் இப்படி எழுதச் சொன்னார்: "நமது உமிப்பொடி அண்டை மாநிலத்தில் விளையாட்டுத் துறையின் முன்னேற்றத்துக்குப் பயன்படுத்தப்பட்டுள்ளது." ஏகமனதாக நிறைவேறியது. நைனா கை தூக்கவில்லை. ஏகமனது என்றால் நாலு பேர் போதும் போலிருக்கிறது.

அதே பழைய சாம்பலை அனுப்பினால் ஆபீசர் வாங்கிக்கொள்கிறாராம் என்று நைனா சொன்னார். கறுப்புச் சாம்பலில் ஊர் பெயரைப் போட அனுமதிக்க முடியாது என்று ஐயா எழுந்துவிட்டார். பெயர் வேண்டாம், சாம்பல் மட்டும் போகட்டும் என்றார் நைனா. கமிட்டி அதோடு மில்லை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த வெள்ளைச் சாம்பலைப் பரந்தாமன் எடுத்துக்கொண்டார், மார்கழிக்குக் கோலப்பொடி.

14 செப்டம்பர், ஞாயிறு

பழைய குவியல் முழுவதையும் வெளுத்துவிட்டதால் புதிதாக எரிக்க வேண்டியிருக்கிறது. கறுப்புச் சாம்பல் கஷ்டமான சாம்பல். உமியைக் குவித்து, அடியில் கங்கு வைத்து, தானாகப் புகைந்து இறங்க விட வேண்டும். யாரும் கிளறக் கூடாது. மழைக்கு மேலே தகரம். நைனா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குவியலுக்குக் காவல். பத்து வருஷமாகத் தானாக நடந்த விஷயம்!

எல்லம்மாள் வந்து, புகை அதிகமாகிவிட்டது என்று ஆரம்பித்தாள். நைனா அவளுக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். வேணு விஷயத்தைச் சொன்னார். அவள் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, துணிய உள்ளாறவே காயப் போட்டுக்கிறேன்" என்று போனாள். போகும்போது, தவலைச் சாம்பலுக்குக் கணக்கு இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

சாம்பலை மாவு மெஷினில் பொடித்தோம். அப்புறம் என்ன கழுவினாலும், கேழ்வரகு அரைக்க வந்தவர்களின் மாவு கொஞ்சம் கறுத்தே வந்தது. கேழ்வரகு என்பதால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நைனாவுக்குத் தெரிந்தது. அந்த மாவை நிறுத்தி வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கேழ்வரகைக் கொடுத்து அனுப்பினார். முன்பாக இருந்தால் காற்றைச் சொல்லியிருப்பார்.

ஒவ்வொரு பத்து மூட்டைக்கும் ஒரு இட்லி ஊற்றச் சொல்லி என்னிடம் கேட்டார். தட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

22 அக்டோபர், புதன்

எல்லா இட்லியும் தண்ணீரில் நின்றன. லாரி போயிற்று. மாலை இல்லை, துணி இல்லை, பஸ் ஸ்டாண்டில் யாரும் கும்பிடவில்லை. அம்மா, வாசல் வழியாக வேண்டாம் என்று இந்தத் தடவையும் சொன்னாள். லாரியைச் சுவர் ஏற்ற முடியாது என்று நைனா சொன்ன பிறகுதான் விட்டாள்.

20 டிசம்பர், சனி

அக்கா கடிதம். சுரங்கத்தில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு அறையில் ஊற்றிவிட்டார்கள். சிமெண்டில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் எங்கள் சாம்பல். பொங்கல் கழிந்து பக்கத்துச் சுவரை வெட்டுவார்கள். பாவா ஆட்களே வெட்டுகிறார்கள். இந்தத் தடவை மரியாதைக்காக இல்லை, பாவாவே கேட்டு வாங்கினாராம்.

ஏன் கேட்டு வாங்கினார் என்று அம்மா அழுதாள். நைனா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

18 ஜனவரி 1981, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. இனி எந்த நாளும் சுவரை வெட்டுவார்கள். நைனா இப்போதெல்லாம் கூடத்து விளக்கை எரியவிட்டுத்தான் படுக்கிறார், விடிகிறவரைக்கும். அம்மா கேட்டதற்குப் பல்லி என்றார். கரண்ட் பில்லுக்காக என் ராத்திரிப் படிப்பையே நிறுத்துகிறவர். இருட்டில் கண்ணை மூடினால் அவருக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தெரிகிறது.

28 ஜனவரி, புதன்

சாயங்காலம் தபால்காரர் பங்காரு தந்தியோடு வந்தார். சைக்கிளை நிறுத்தாமல், பிடித்துக்கொண்டே நின்றார். எல்லம்மாள் எதிர்வீட்டிலிருந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். நைனா வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ படி" என்றார்.

ஆங்கிலத்தில் இருந்தது. முதலில் மனத்துக்குள் படித்தேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் முகம் ஏன் உடனே சொல்லவில்லை என்று தெரியவில்லை, அழுதுவிட்டேன். அதைப் பார்த்து அம்மா கத்திவிட்டாள். அப்புறம்தான் சொன்னேன்: சுவரை முழுக்க வெட்டியாயிற்று. நம் சாம்பல் அசையவில்லை. எல்லாரும் சுகம். வேணு.

நைனா மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி. "அசையலன்னு எழுதியிருக்கானா, நீயா சொல்றியா?" எழுதியிருக்கிறார், நைனா என்று எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எல்லம்மாள் பங்காருவுக்கு மோர் கொடுத்தாள். மேலே கொஞ்சம் சாம்பல் மிதந்தது. அவர் ஊதிவிட்டுக் குடித்தார்.

சுரங்கத்துக்குச் சிமெண்ட் ஒதுக்கீடு வந்துவிட்டதாம், அடுத்த லாரியைப் பற்றி யோசித்துச் சொல்வார்களாம். இது ஆபீசரிடமிருந்து போன வாரமே வந்த கடிதம். நைனா அதை இன்றுதான் பிரித்தார். பாலசுப்பிரமணியன் ஐயா சாயங்காலமே வந்து, கமிட்டியின் இடைவிடாத முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று நைனாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நைனா குலுக்க விட்டார்.

சாப்பிட்டு முடித்து நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நைனா மில்லைப் பூட்டிவிட்டு வந்தார். பாயை உதறிப் போட்டார். அம்மா தூங்கிவிட்டாளா என்று பார்த்தார், தூங்கிவிட்டாள். என்னைப் பார்த்து, எழுதினது போதும், நாளைக்கு எழுதிக்கோ என்றார். பிறகு கூடத்து விளக்கை அவரே நிறுத்தினார்.